வாசல் நீலம் அணைந்த காலை

அன்று என் வீட்டில் இருந்தவர்கள்: நான், ஹர்ஷித். இறந்துபோன என் தம்பி யஷ்வந்தின் மனைவி தன்ஷிகா. அவர்கள் மகள் பாவாயி. பாவாயியை நிச்சயம் செய்ய வந்த மாப்பிள்ளை செங்கோடன், அவன் அப்பா நிதின், நிதினின் அக்கா அக்ஷரா. பக்கத்து வீட்டு மிருதுளா சற்றுப் பிந்தி வந்தாள். வேறு யாரும் இல்லை. தாங்களும் இருந்ததாக இப்போது பலர் சொல்லிக்கொள்கிறார்கள். அவர்கள் இல்லை. இருந்திருக்க வேண்டிய இரண்டு நீலச்சிட்டுகளும் இல்லை. விஷயமே அதுதான்.

பெயர்களைப் படிக்கிற இளையவர்கள் சிரிக்க வேண்டாம். எங்கள் தலைமுறைக்கு அப்படித்தான் பெயர் வைத்தார்கள். பாவாயி, செங்கோடன் என்ற பெயர்களெல்லாம் எங்களுக்குப் பின்னால் வந்தவர்களுக்குத்தான் திரும்பி வந்தன.

ஊஞ்சக்காட்டுப்புதூரில் காலையில் எழுந்தவுடன் எல்லாரும் முதலில் போவது வாசலுக்கு. நான் முகம் கழுவி, தலை சீவி, சட்டை போட்டுக்கொண்டு போவேன். சட்டை போடாமல் நான் தெருவைப் பார்த்து நின்றதில்லை. வாசல் தூணில் கட்டைவிரல் நகத்தளவு ஒரு விளக்கு இருக்கும். புறக்கடைக் கூட்டுப்பெட்டிக்குள் பறவை இருந்தால் அதன் உடற்சூட்டைப் பெட்டியில் உள்ள கூட்டுக்கண் உணர்ந்து, வாசலில் இந்த விளக்கை நீலமாக எரியவிடும். வாசல் நீலம் என்று அதற்குப் பெயர். நம்முடையது எரிகிறதா என்று பார்ப்போம். பிறகு எதிர்வீட்டு விளக்கைப் பார்க்காததுபோலப் பார்ப்போம். பிறகு உள்ளே வந்து காபி குடிப்போம்.

இந்த வழக்கம் வந்த கதையையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் பகுதி மண்ணில் ஒரு காலத்தில் சாயக் கழிவு இறங்கியது. என் தாத்தா காலத்தில் ஆறு ஒரு நாள் சிவப்பாகவும் மறுநாள் பச்சையாகவும் ஓடுமாம். பிறகு குழாய்த் தண்ணீர் நின்றுபோனது. ஒவ்வொரு வீடும் தன் புறக்கடை ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரையே குடித்தாக வேண்டும் என்று ஆயிற்று. அந்தத் தண்ணீர் நல்லதா கெட்டதா என்று சொல்ல முதலில் நீர்மானி என்று ஒரு மீட்டர் பொருத்தினார்கள். மீட்டர் பொருத்த வந்த ஆளைக் கவனித்துக்கொண்டால் எந்தத் தண்ணீருக்கும் அது பச்சை காட்டியது. பச்சை காட்டிய வீடுகளில் குழந்தைகள் செத்தன.

அதற்குப் பிறகுதான் பறவை வந்தது. ஏதோ ஓர் உயிர்வடிவகத்தில், அதாவது பயோ-லேபில், அதை உருவாக்கினார்கள். கைப்பிடிக்குள் அடங்குகிற சிட்டு. நீலச்சிட்டு என்று பெயர் வைத்தார்கள். முதுகு நீலம், நெஞ்சு செங்கல் நிறம். கூடு கட்டுகிற இடத்தைச் சுற்றியுள்ள மண்ணில் புழுவைக் கொத்திச் சுவைத்துப் பார்க்கும். புழுவில் உலோகம் தட்டுப்பட்டால் அந்த இடத்தில் கூடு வைக்காது. மீட்டருக்குக் கொடுத்ததுபோல இதற்கு யாரும் எதுவும் கொடுக்க முடியாது. ஊரே பெருமூச்சு விட்டது. வீட்டுக்கு ஒரு பெட்டி கொடுத்தார்கள்.

அந்தப் பெட்டியின் பின்பக்கத்தில் இரண்டு வரி அச்சிட்டிருந்தது. ‘விளக்கு எரிந்தால் மண் நல்லது. எரியாவிட்டால், மண் கெட்டது என்று பொருள் அல்ல. பறவை வராததற்குப் பல காரணங்கள் இருக்கலாம்.’ பெட்டியைக் கம்பத்தில் மாட்டும்போது அந்தப் பக்கம் கம்பத்தோடு ஒட்டிக்கொள்ளும். ஒருமுறை மாட்டிய பிறகு யாரும் கழற்றிப் படிப்பதில்லை.

எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு வந்தவருக்கு முதலில் ஒரு செம்பு தண்ணீர் கொடுப்போம். அவர் குடித்த பிறகுதான் மற்றப் பேச்சு. வழக்குப் போட்டவன் வந்தாலும் தண்ணீர் கொடுப்போம், அவனும் குடிப்பான். பறவை வந்த பிறகு, விளக்கு எரிகிற வீட்டில் மட்டும் குடிப்பது என்று ஆகிவிட்டது. எரியாத வீட்டில் செம்பை விரலால் தொட்டு, கண்ணில் ஒற்றிக்கொண்டு, அப்படியே வைத்துவிடுவார்கள். வாயால் வேண்டாம் என்று சொல்வதில்லை. எல்லாம் மரியாதையாகத்தான் நடக்கும். பெண் பார்க்கிற இடத்தில் ஜாதகத்தைக் கேட்பதற்கு முன்னால், “கூடு இருக்குதுங்களா?” என்று கேட்கத் தொடங்கினார்கள்.

எங்கள் விளக்கு முதல் பருவத்திலிருந்தே எரிந்தது. கூட்டுப் பருவம் தோறும் எரிந்தது. மிருதுளாவின் விளக்கு ஒரு முறையும் எரிந்ததில்லை.

அவள் பூனை வளர்த்தாள். பூனை இருக்கிற புறக்கடைக்குப் பறவை எப்படி வரும் என்று ஆரம்பத்தில் எல்லாரிடமும் சொன்னாள். ஆனால் எரியாத ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு காரணம் இருந்தது. ஒருவர் வீட்டில் மரம் அறுக்கிற இயந்திரம். ஒருவர் வீட்டு வேப்பமரத்தில் காக்கைக் கூட்டம். காரணம் கேட்டுக்கொண்டிருந்தால் விளக்கு எதற்கு என்று தெருக் கூட்டத்தில் நான் பேசினேன். கைதட்டினார்கள். மிருதுளாவின் கணவர் பிரணவ் இறந்தபோது துக்கம் கேட்கப் போயிருந்தேன். செம்பு கொண்டுவந்து வைத்தாள். தொட்டுக் கண்ணில் ஒற்றிவிட்டு வந்தேன். அவள் எங்கள் வீட்டுக்கு எப்போதும்போல வந்துகொண்டிருந்தாள், எப்போதும்போலத் தண்ணீர் குடித்தாள்.

இனி நிச்சயத்துக்கு முதல் நாள்.

கொடுமுடிப் பக்கத்திலிருந்து வருகிற சம்பந்தம் அது. பையனும் பெண்ணும் ஒருவரை ஒருவர் விரும்பிவிட்டார்கள். பெரியவர்கள் வந்து பேசி முடிப்பதுதான் பாக்கி. அதற்கு ஒரே ஒரு தடை அந்த வீட்டு அத்தை அக்ஷரா என்றும், கூட்டைத் தன் கண்ணால் பார்த்த பிறகுதான் அவள் தலையசைப்பாள் என்றும் செங்கோடனே பாவாயியிடம் சொல்லியிருந்தான். எங்களுக்கு அதில் கவலை இல்லை. அப்போதுதான் ஒரு ஜோடி வந்து பெட்டிக்குள் நார் சேர்த்துக்கொண்டிருந்தது. இன்னும் முட்டை இடவில்லை.

தன்ஷிகா வீட்டைச் சுத்தம் செய்தாள். புறக்கடையைப் பார்க்க வருகிறார்கள் என்பதால் அங்கே இன்னும் கவனம். ஏணி இரவல் வாங்கி வந்து மிருதுளா வீட்டுப் பக்கத்து வடக்குச் சுவர் முழுவதும் வெள்ளையடிக்கச் செய்தாள். ஏணியை மாலையே திருப்பிக் கொடுத்தாயிற்று. பெட்டி மாட்டிய கம்பத்துக்கும் ஒரு பூச்சு. பிறகு பெட்டியின் நெற்றியில் சந்தனம் வைத்து, குங்குமப் பொட்டு இட்டாள். துவாரத்துக்கு மேல் மாவிலையும் செவ்வந்தியுமாகத் தோரணம் கட்டினாள். விளக்கு வைக்கிற நேரத்தில் சாம்பிராணி போட்டுப் புறக்கடை முழுக்கப் புகை காட்டினாள்.

இதில் அவளைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. கிணற்று மோட்டாருக்கும் கம்ப்யூட்டருக்கும் பொட்டு வைக்கிற குடும்பம் எங்களுடையது. வீட்டு மானத்தைக் காக்கிற பெட்டிக்கு வைக்காமல் விடுவாளா? நானும் பார்த்தேன். நன்றாக இருக்கிறது என்றுதான் சொன்னேன். இதையெல்லாம் இப்போது அவளே ஊரெல்லாம் சொல்லிச் சிரிக்கிறாள். இல்லாவிட்டால் எழுதியிருக்க மாட்டேன்.

மறுநாள் காலை சட்டை போட்டுக்கொண்டு வாசலுக்குப் போனேன். விளக்கு எரியவில்லை.

துடைத்துப் பார்த்தேன். எதிர்வீட்டுக்காரர் தன் வாசலில் நின்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே போய்ப் பெட்டியைப் பார்த்தேன். தோரணம் காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. துவாரத்தில் தலை இல்லை, கிளையில் சத்தம் இல்லை. தன்ஷிகா பின்னாலேயே வந்தாள். தோரணத்தைப் பிய்த்து எறிந்தாள். பொட்டை முந்தானையால் துடைத்தாள். துடைக்கத் துடைக்கப் பெட்டி முழுக்கச் சிவப்பானது.

“நான்தானுங்க மாமா. நான்தான் மெரட்டி உட்டுட்டேன்” என்றாள்.

“அழுகாதீங்கம்மா” என்றாள் பாவாயி. “சாயங்காலம் வந்தாலும் வந்துரும்.”

“சாயங்காலம் வந்து என்ன கண்ணு பண்றது? அவங்க இன்னுஞ் சித்த நேரத்துல வந்துருவாங்களே.” பிறகு என்னைப் பார்க்காமல் தன்ஷிகா சொன்னாள்: “வாடகைச் சிட்டுக்காரனக் கூப்புடலாங்களா மாமா? மேக்கால தெருவுல போன மாசம் அப்படித்தானுங்களே கல்யாணம் நடந்துச்சு.”

வாடகைச் சிட்டு என்பது பொம்மை. உள்ளே பேட்டரிச் சூடு இருக்கும். சிறகடிக்கும், குரல் கொடுக்கும். பெட்டிக்குள் வைத்தால் கூட்டுக்கண் ஏமாந்து விளக்கை எரியவிடும். கண்டுபிடித்தால் தண்டனை உண்டு. கல்யாண மண்டபத்துக்காரர்கள் எல்லாரிடமும் அந்த ஆளின் எண்ணும் உண்டு.

“அப்பன் இல்லாத புள்ளைக்குப் பொம்மைய வெச்சு மாப்ள புடிச்சான்னு யஷ்வந்த் பேரு கெடோணுமா?” என்றேன்.

“அப்ப என்ன சொல்றதுங்க அவங்ககிட்ட?”

“வரட்டும்.”

பாவாயி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். சிறு பிள்ளையிலிருந்து அவளுக்கு ஒரு பழக்கம். வேண்டும் என்பதை வாயால் கேட்க மாட்டாள். “பெரியப்பா, எனக்கு அவரக் கட்டிக்கோணுங்க” என்று அன்று கேட்டாள். வாயைத் திறந்து கேட்டுவிட்டாள். காபியைக் குடிக்காமல் வைத்துவிட்டு வாசலுக்கு வந்தேன்.

ஓட்டுநர் இல்லாத வண்டி ஒன்று வந்து வாசலில் நின்றது. மூவரும் இறங்கினார்கள். நிதின் கைகூப்பினார். செங்கோடன் கூப்பிய கையோடு பாவாயியைத் தேடினான். அக்ஷரா தூணுக்கு நேராக நின்று விளக்கைப் பார்த்தாள். உள்ளே வந்து உட்கார்ந்தாள்.

தன்ஷிகா தண்ணீர் கொண்டுவந்தாள். பித்தளைச் செம்புகள், முதல் நாள் புளி போட்டுத் தேய்த்தவை. நிதின் தன் முன் இருந்த செம்பைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு வைத்தார். நல்ல மனிதர், அதை மெதுவாகச் செய்தார். அக்ஷரா தொடக்கூட இல்லை. கைகளை மடியில் கோத்துக்கொண்டாள். செங்கோடன் செம்பை எடுக்கப் போனான்.

“கண்ணு, இரு” என்றாள் அத்தை. நீட்டிய கையை அப்படியே வைத்துக்கொண்டிருந்தான்.

எங்கள் வீட்டில் ஒரு செம்பு தண்ணீர் யாரும் குடிக்காமல் இருந்து நான் பார்த்ததில்லை. என் அப்பா பார்த்ததில்லை. அன்று மூன்று செம்பு அப்படியே இருந்தன.

“வாசல்ல வெளக்கு எரியலையாட்ட இருக்குதுங்க” என்றாள் அக்ஷரா.

“எரியலைங்க.”

“நேத்து?”

“நேத்து எரிஞ்சுதுங்க.”

“அப்ப ராத்திரியில என்னமோ ஆயிருக்குது.”

“ஒரு காரணம் இருக்குதுங்க. ஆனா நான் சொல்ல மாட்டேன்.”

நிதின் முன்னால் குனிந்தார். “சொன்னாத்தானுங்க எங்களுக்குத் தெரியும்.”

தன்ஷிகா கதவோரம் நின்றுகொண்டு வாயைத் திறந்தாள். நான் கையைக் காட்டினேன். என் தம்பி மனைவியைச் சம்பந்திகள் முன்னால் குற்றவாளியாக நிற்கவைத்து ஒரு கல்யாணத்தை முடிக்க வேண்டிய அவசியம் எனக்கு இல்லை.

“இந்தத் தெருவுல யாரு என்ன காரணம் சொன்னாலும் நான் காதுல வாங்குனதில்லைங்க” என்றேன். “வெளக்குத்தான் பேசோணும்னு கூட்டத்துல எந்திரிச்சுச் சொன்னவன் நான். இன்னைக்கு என்ற ஊட்டு வெளக்கு அணைஞ்சதும், என்ற காரணத்த மட்டும் கேளுங்கன்னு உங்ககிட்டச் சொல்ல எனக்கு வாய் வராதுங்க. நீங்க தண்ணி குடிக்காம எந்திரிச்சுப் போனா நான் தப்பா நெனைக்க மாட்டேன். புள்ளைங்க ரெண்டும் நெனைக்கும்.”

அக்ஷரா பேசினாள். குரலை உயர்த்தவில்லை.

“எங்க ஊட்டு மீட்டர் பச்ச காட்டுச்சுங்க. எம்பொண்ணு குடிச்சா. நாலு வயசு. எனக்கு யாரு ஊட்டு மேலயும் கோவமில்லைங்க. செம்பு கைக்கு வந்தா அந்தப் பச்சதான் கண்ணுல தெரியுது. நான் என்ன பண்றது?”

அவள் வீம்புக்காரி என்று நினைத்திருந்தேன். அவள் பயந்தவள்.

அந்த நேரத்தில்தான் மிருதுளா வந்தாள். அழைத்திருந்தோம், பக்கத்து வீட்டை அழைக்காமல் இருப்பது முறையல்ல. வாசலில் செருப்பை விட்டுக்கொண்டே, “ஏனுங்ணா, பலகாரமெல்லாம் தீந்துபோச்சுங்களா, நான் லேட்டுங்களா?” என்றாள். வந்தவள் செம்புகளைப் பார்த்தாள். எல்லார் முகத்தையும் பார்த்தாள்.

“என்னுங்க, எல்லாரும் வெரதமா?”

திரும்பி வாசல் தூணைப் பார்த்தாள்.

“வெளக்கு அணைஞ்சிருக்குதாட்ட.”

“ஆமா அம்மிணி” என்றேன்.

“அப்பாடா” என்றாள் அவள். “நம்ம ரெண்டு ஊடும் இன்னைக்குத்தானுங்ணா ஒண்ணாச்சு.”

சொல்லிவிட்டு நிதின் முன் இருந்த செம்பைக் கேட்காமல் எடுத்து, அண்ணாந்து, கடைசிச் சொட்டு வரை குடித்தாள். செம்பைக் கவிழ்த்து வைத்தாள். “எனக்கு வெளக்கு எரிஞ்சாலும் ஒண்ணுதான், எரியாட்டியும் ஒண்ணுதான். பஜ்ஜி இருந்தாக் குடு தன்ஷி” என்றாள்.

நான் எழுந்து நின்றேன். “அம்மிணி, உங்கூட்டுக்குப் போலாம், வா.”

“எதுக்குங்ணா?”

“தண்ணி குடிக்கோணும்.”

அவள் என்னைக் கிண்டல் செய்வாள் என்று எதிர்பார்த்தேன். செய்யவில்லை. “தண்ணி இங்கயே இருக்குதுங்களே” என்றாள் மெதுவாக.

“இது எங்கூட்டுத் தண்ணி.”

“எங்கூட்டு வெளக்கு எரியாதுங்ணா. காரணஞ் சொல்லட்டுங்களா?”

“வேண்டாம்.”

வாசல் வழியாகவே போனேன், தெரு பார்க்கத்தான் போனேன். எனக்குத் தாகம் இல்லை. எதிர்வீட்டுக்காரர் இன்னும் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பாவாயி என் பின்னால் வந்தாள். அவளுக்குப் பின்னால் செருப்பை மாட்டாமல் செங்கோடன் வந்தான். “எங்கடா?” என்று நிதின் கேட்டதும், “தாகமா இருக்குதுங்கப்பா” என்று அவன் சொன்னதும் என் காதில் விழுந்தன. அவனுக்கும் தாகம் இல்லை.

மிருதுளாவின் வீட்டில் எங்களை உட்காரச் சொல்லிவிட்டு அவள் சமையலறைக்குள் போனாள். நேரமாயிற்று. பாத்திரம் உருளும் சத்தம் கேட்டது. ஒருமுறை வெளியே எட்டிப் பார்த்து, “செம்பு பரண்ல இருக்குதுங்ணா. விருந்தாளின்னு யாரும் வாரதில்லையா, மேல போட்டுட்டேன்” என்றாள். “டம்ளர்தான் இருக்குது.”

“டம்ளர்ல குடு.”

எவர்சில்வர் டம்ளரைக் கழுவி, மறுபடி கழுவி, தண்ணீர் நிறைத்துக் கொண்டுவந்தாள். விளிம்பு வரை நிறைத்திருந்தாள். கொடுக்கும்போது கொஞ்சம் சிந்தியது. அவள் ஒரு பேச்சும் பேசவில்லை. பேசாத மிருதுளாவை நான் அதற்கு முன் பார்த்தது பிரணவ் இறந்த அன்றுதான்.

குடித்தேன். முழுவதும் குடித்தேன். லேசாக உப்புக் கரித்தது. தொண்டையில் இறங்கும்போது அந்தக் கரிப்பு எனக்குத் தெரிந்த கரிப்பாக இருந்தது.

“எங்கூட்டுத் தண்ணியாட்டவே இருக்குது” என்றேன்.

“செவுரு மேலதானுங்ணா இருக்குது. தண்ணி கீழதான ஓடுது.”

பாவாயி வாங்கிக் குடித்தாள். செங்கோடன் குடித்தான். இந்த இடத்தை இந்த ஊர் கவனிக்க வேண்டும். நாங்கள் மூவரும் குடித்து முடிக்கிற வரை எங்களில் யாருக்கும் வேறொன்றும் தெரியாது.

குடித்த டம்ளர்களை எடுத்துக்கொண்டு பாவாயி கழுவுவதற்காகப் புறக்கடைக்குப் போனாள். குழாய்ச் சத்தம் கேட்டு நின்றது.

“பெரியப்பா.” குரலைத் தாழ்த்திக் கூப்பிட்டாள். “மெல்ல வாங்க.”

துணி துவைக்கிற கல்லுக்கு மேலே, ஆணியில், பிரணவின் பழைய ஹெல்மெட் வாய்ப்பக்கம் மேலே பார்க்கும்படி தொங்கிக்கொண்டிருந்தது. வண்டியை மனிதர்கள் ஓட்டிய காலத்துப் பொருள். அதில் ஏதோ செடி வைத்து, செடி காய்ந்துபோய், மண்ணும் வேருமாக இருந்தது. அதன் விளிம்பில் ஒரு நீலச்சிட்டு உட்கார்ந்திருந்தது. அலகில் மஞ்சளாக ஒரு நூல். எங்கள் செவ்வந்தித் தோரணத்தின் நூல். எங்களைப் பார்த்துவிட்டு, கவலைப்படாமல், ஹெல்மெட்டுக்குள் இறங்கியது. கொஞ்ச நேரத்தில் இன்னொன்று வந்தது. கீழே துவைக்கிற கல்லில் மிருதுளாவின் பூனை படுத்திருந்தது. ஒரு கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொண்டது.

“அதுக்குப் பல்லே இல்லீங்க” என்றாள் மிருதுளா. “போன வருசமே கொட்டிப்போச்சு. பறவைக்கும் தெரிஞ்சிருக்குது.”

அவளும் இப்போதுதான் பார்க்கிறாள். இரண்டு நாளாக இடுப்பு வலி என்று துணி துவைக்கவில்லையாம். புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள். பிறகு சொன்னாள்: “இந்தாளு தல எந்நேரமும் காலியாத்தான் இருக்குதுன்னு நான் சண்ட போடுவேன். பாருங்ணா, எதுக்கு ஒதவியிருக்குதுன்னு.”

படியில் உட்கார்ந்தேன். ஏழு தலைமுறை மானம் பெட்டியிலிருந்து கிளம்பி ஒரு ஹெல்மெட்டுக்குள் போய் உட்கார்ந்திருந்தது. அது அங்கே நலமாகவே இருந்தது. பக்கத்தில் செங்கோடன் நின்று சிரித்துக்கொண்டிருந்தான். அவனை உட்காரச் சொன்னேன். மாப்பிள்ளை என்று அழைத்துச் சொன்னேன்.

நிதினும் அக்ஷராவும் எங்களைத் தேடிக்கொண்டு வந்தார்கள், கூடவே தன்ஷிகா. பாவாயி விரலை உதட்டில் வைத்துக் காட்டினாள். அக்ஷரா ஹெல்மெட்டைப் பார்த்தாள், பூனையைப் பார்த்தாள். உள்ளே போகிற, வெளியே வருகிற சிட்டுகளைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள்.

“இந்த ஊட்டு வாசல்லயும் வெளக்கு எரியலையே” என்றாள்.

“பொட்டி இருந்தாத்தானுங்க எரியும்” என்றாள் மிருதுளா. “அதக் கழட்டித் துணிக் கிளிப்பு போட்டு வெச்சிருக்கறேன்.”

“அப்ப இத்தன வருசமா?”

“இத்தன வருசமா இதே தண்ணிதானுங்க. நான் சாகலையே.”

அக்ஷரா கையை நீட்டினாள். மிருதுளா டம்ளரை நிறைத்துக் கொடுத்தாள். அக்ஷரா கண்ணை மூடிக்கொண்டு குடித்தாள். இன்னொரு டம்ளர் கேட்டாள். அதற்குப் பிறகு அவள் செய்ததைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். யாரிடமும் சொல்லாமல் திரும்பி எங்கள் வீட்டுக்குப் போனாள். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது, விளக்கு எரியாத என் வீட்டில், தான் தொடாமல் வைத்திருந்த அந்தச் செம்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். பாதி காலியாகியிருந்தது.

“தண்ணி ஆறிப்போயிருமாட்ட இருக்குதுன்னு குடிச்சுட்டேனுங்க” என்றாள்.

“தண்ணி எங்கீங்க அத்தை ஆறும்?” என்றான் செங்கோடன்.

“நீ பேசாத இரு. பொண்ணக் கூப்புடு, பூ வெக்கலாம்.”

அப்படித்தான் நிச்சயம் முடிந்தது. பஜ்ஜி ஆறித்தான் போயிருந்தது. எல்லாரும் சாப்பிட்டார்கள். மிருதுளா பரணிலிருந்து செம்பை இறக்கித் தரச் சொல்லி மாப்பிள்ளையையே ஏணி ஏறவைத்தாள்.

ஹெல்மெட்டில் முட்டை வைத்து, குஞ்சு பொரித்து, எல்லாம் பறந்துபோய்விட்டன. கூட்டுக்கண் பொருத்தித் தருகிறோம், இனி உங்கள் வாசலிலும் நீலம் எரியும் என்று பெட்டி கொடுத்த துறையிலிருந்து வந்து சொன்னார்கள். மிருதுளாவுக்கு அது வேண்டாமாம். அவள் வாசலில் இன்றும் விளக்கு எரிவதில்லை. அவள் வீட்டுச் செம்பு இன்று பரணில் இல்லை.

என் வீட்டு விளக்கும் எரிவதில்லை. பெட்டியைக் கம்பத்திலிருந்து கழற்றினேன். கழுவியும் குங்குமக் கறை போகவில்லை. வாசல் தூணில், விளக்குக்குக் கீழே, அதைப் பின்பக்கம் தெருவைப் பார்க்கும்படி மாட்டியிருக்கிறேன். “துவாரம் தூணப் பாத்துட்டு இருந்தா பறவை எப்படி மாமா வரும்?” என்று தன்ஷிகா கேட்டாள். பறவைக்குப் போக இடம் இருக்கிறது என்றேன். தெருவில் போகிறவர்கள் நின்று அந்த இரண்டு வரியைப் படிக்கிறார்கள். சிலர் உள்ளே வந்து குடிக்கிறார்கள். சிலர் இன்னும் தொட்டுக் கண்ணில் ஒற்றுகிறார்கள். அவர்களை நான் ஒன்றும் சொல்வதில்லை. பச்சை காட்டிய வீடுகளில் அவர்கள் யாரை இழந்தார்களோ எனக்குத் தெரியாது. வந்தவர்களுக்கெல்லாம் தண்ணீர் வைக்கிறோம்.

இதையெல்லாம் இவ்வளவு விளக்கமாக எழுத வேண்டி வந்ததற்கு ஒரு பேச்சுதான் காரணம். மிருதுளா வீட்டு ஹெல்மெட்டில் பறவை இருப்பதை நான் காலையிலேயே சுவருக்கு மேலாக எட்டிப் பார்த்துத் தெரிந்துகொண்டேன் என்றும், அந்தத் தைரியத்தில்தான் அங்கே போய்த் தண்ணீர் குடித்தேன் என்றும் ஊரில் சொல்கிறார்கள். அது பொய். அந்தச் சுவர் என் தலைக்கு மேல் ஒரு ஆள் உயரம். அவள் விளக்கு எரியாத முதல் வருடம், எட்டிப் பார்க்க முடியாதபடி அதை உயர்த்திக் கட்டியவன் நான்தான்.